மூன்று விரல் உயர்த்தி

(பிரித்தானியக் கிளையின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





கல்லூரியின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் சாரணீயம் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, மைதானத்தில் கூடாரம் அடித்ததையும் மழைக்குள் விறகு பற்ற வைத்துச் சோறு காய்ச்சியதையும் சொல்லுவோம் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். அந்தச் சோறு வேகவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வேறு விடயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் மூவர். ஒரே கம்பனியில் வெவ்வேறு ஆண்டுகளில் இருந்தவர்கள். பல வருடங்களாக வடமேற்கு இலண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை மாலைகளில், ஏழு வயது முதல் பத்து வயது வரையான பிரவுணிகளை நடத்தி வருகிறோம். சம்பளம் கிடையாது. மண்டபத் திறப்பு எங்களிடம் உண்டு, பசைப் போத்தல்களும் கத்தரிக்கோல்களும் எங்கள் கார்களுக்குள் உண்டு. இந்த உரையை யார் நிகழ்த்துவது என்று முடிவுக்கு வரமுடியாமல் மூவரும் சேர்ந்து எழுதி, ஒருவர் வாசிக்கிறோம். அதனால் முழுவதும் 'நாங்கள்' என்றே இருக்கும். சில இடங்களில் 'எங்களில் ஒருவர்' என்று வரும். அது யார் என்று தேநீர் நேரத்தில் கேட்கவேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் சொல்லவந்தது 2013ஆம் ஆண்டில் வாக்குறுதி மாறிய கதை.

இங்கு வந்திருக்கும் இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் விளக்கம். சாரணியர் இயக்கத்தில் சேரும் பிள்ளை சில வாரங்கள் பழகிய பின், வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்தி ஒரு வாக்குறுதி சொல்லவேண்டும். அதன் பின்புதான் சின்னம் சூட்டுவார்கள். சின்னத்தில் உள்ள மூன்று இலைகளும் வாக்குறுதியின் மூன்று பகுதிகளைக் குறிப்பவை. அது சொல்லும்வரை பிள்ளை வந்து விளையாடலாம், ஆனால் முழு அங்கத்தவர் அல்ல.

இலங்கையில் பெண் சாரணியர் இயக்கம் 1917இல் கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது. எங்கள் காலத்தில் கல்லூரி மண்டபத்தில் ஒரே வரிசையில் சைவப் பிள்ளையும் வேதப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் நின்று வாக்குறுதி சொன்னோம். யாருக்கும் அது ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. பௌத்தர்கள் பெருமளவில் வாழும் நாடு என்பதால் இலங்கைச் சாரணர் வாக்குறுதியில் 'கடவுள்' என்ற இடத்தில் 'சமயம்' என்ற சொல் இருக்கிறது என்பதைக்கூட நாங்கள் பின்னாளில்தான் கவனித்தோம். இந்தச் சொல்லை நம்மவர்கள் எப்போதோ யோசித்துத் தீர்த்து வைத்திருந்தார்கள் என்பது இலண்டனில் சண்டை வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

பிரித்தானிய வாக்குறுதி அப்படி இருக்கவில்லை. 2013 வரை இங்குள்ள பிள்ளைகள் தங்கள் கடவுளை நேசிப்பதாகவும், ராணிக்கும் நாட்டுக்கும் சேவை செய்வதாகவும் சொன்னார்கள். அந்த ஆண்டு யூன் மாதத்தில் கேர்ள்கைடிங் தலைமையகம் புதிய வாசகத்தை அறிவித்தது. கடவுள் போய், 'எனக்கு நான் உண்மையாக இருந்து என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன்' என்ற கருத்து வந்தது. 'நாடு' போய்ச் 'சமூகம்' வந்தது. ராணி இருந்தார். செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் புதிதாகச் சேரும் அனைவருக்கும் இதுதான் என்றார்கள். ஏறக்குறைய 44,000 பேரிடம் கருத்துக் கேட்டே முடிவெடுத்தோம் என்றும் சொன்னார்கள்.

அறிவித்தல் வந்த மறுவாரம் எங்கள் பகுதித் தலைவிகளின் கூட்டம். வழமையாகப் பன்னிரண்டு பேர் வந்தால் அதிசயம். அன்று கதிரை போதவில்லை. முப்பது வருடம் பிரவுணிகளை நடத்திய ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து, "என்னை யாரும் கேட்கவில்லை" என்றார். "எங்களையும் கேட்கவில்லை" என்று பின்வரிசையிலிருந்து பல குரல்கள். நாங்களும் தலையாட்டினோம். உண்மையைச் சொன்னால், கேட்டிருந்தார்கள். கருத்துப் படிவம் இணையத்தில் இருந்தது. எங்களில் ஒருவர் மட்டும் அதை நிரப்பினார். மற்ற இருவரும் முகாமுக்குக் காசு சேர்க்கும் அலுவலில் இருந்தோம், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். கொள்கை மாறும்போது கூச்சல் போடுபவர்களில் பாதிப்பேர் எங்களைப் போலத்தான் என்று நினைக்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன என்று பத்திரிகைகள் எழுதியிருக்கும். எங்களுக்குத் தெரிந்து ஐந்தாறு இருந்தன. கடவுளை எடுக்கவே கூடாது என்றவர்கள் சிலர். எடுத்தது சரி, ஆனால் 'எனக்கு நான் உண்மையாக' என்பது சுயநலம் போல ஒலிக்கிறது என்றவர்கள் சிலர். கடவுள் போனது பரவாயில்லை, நாட்டை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மகன் இராணுவத்தில் இருந்தார். மாற்றம் இருபது வருடம் பிந்திவிட்டது என்று ஓர் இளம் தலைவி சொன்னார். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு, பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடப் பழக்குவோம் என்று கடைசியில் ஒருவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

அங்கே நாங்கள் கேட்ட நல்ல கேள்வி ஒன்று: ஏன் இரண்டு வாக்குறுதி இருக்கக்கூடாது? ஆண் சாரணர் சங்கம் அந்த வழியைத்தான் எடுத்தது. அவர்கள் பழைய வாசகத்தை வைத்துக்கொண்டு, சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்கென மாற்று வாசகம் ஒன்றை 2014 சனவரி முதல் சேர்த்தார்கள். விரும்பியதைச் சொல்லலாம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கும் முதலில் அதுவே சரியென்று பட்டது. ஆனால் ஆறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நீ இதைச் சொல், நீ அதைச் சொல் என்று பிரிக்கும்போது, யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது மண்டபம் முழுவதற்கும் தெரிந்துவிடும். சமயத்தின்படி, இனத்தின்படி வரிசை பிரிப்பதை நாங்கள் வேறு இடங்களில் பார்த்திருக்கிறோம். அதனால் எங்களில் இருவருக்கு ஒரே வாக்குறுதி என்பதே பிடித்தது. மூன்றாமவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே சொல்லவேண்டும், ஏனெனில் நாங்கள் இருவரும் அன்று அதைச் சரியாகக் கேட்கவில்லை. அவர் சொன்னார்: "நான் சின்ன வயதில் மூன்று விரல் தூக்கிச் சொன்னது எனக்கு விளையாட்டு இல்லை. அதை வைத்துத்தான் இந்த மண்டபத்துக்கு ஒவ்வொரு செவ்வாயும் வருகிறேன். பிள்ளைகள் கடவுளைச் சொல்லாமல் விடுவது அவர்கள் பாடு. ஆனால் சொல்ல விரும்புகிற பிள்ளைக்கும் அந்தச் சொல் இல்லை என்று நானே என் வாயால் சொல்லிக்கொடுக்கமாட்டேன்." வடக்கே சில கம்பனிகளின் தலைவிகளும் இதே நிலையில் இருந்ததாகப் பின்னர் செய்திகளில் பார்த்தோம். எங்களவர் பத்திரிகைக்கு எழுதவில்லை. மண்டபத் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பெற்றோரிடம் விளக்குவது அடுத்த வேலை. எங்கள் பிரவுணிகளில் அரைவாசிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள், பெரும்பாலும் சைவர்கள். 'கடவுள்' என்ற சொல் தேவாலயத்து வாசனையோடு இருந்தது, அது போனதில் அவர்கள் மகிழ்வார்கள் என்று நாங்களாகவே கணக்குப் போட்டோம். பிழையான கணக்கு. முதலில் வாசலில் மறித்தவர் ஒரு பிள்ளையின் அம்மம்மா. "கடவுளை ஏன் எடுத்தவை? எங்கட பிள்ளையள் விபூதி பூசிக்கொண்டுதானே வருகினம், அதைச் சொல்ல என்ன வெக்கம்?" என்றார். புதிய வாசகத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தோம். "தனக்கு உண்மையா இருக்கிறதுக்கு ஒரு சத்தியம் வேணுமே பிள்ளை?" என்று கேட்டார். பிறகு மூவரில் மிஞ்சிய இருவரும் வீட்டில் இருந்து யோசித்து, 'மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல்' என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தோம். அடுத்த வாரம் அதைச் சொன்னபோது, "அப்ப முதலே மனச்சாட்சி எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார். பதினைந்து நிமிடம் கழித்து முறுக்குப் பெட்டி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது.

'நாடு' போனது பற்றி எங்கள் பெற்றோர் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எந்த நாடு என்ற கேள்வியோடு இங்கு வந்தவர்கள் நிறைந்த மண்டபம் அது. சமூகம் என்ற சொல்லின் கீழ் ஹரோ வீதியும் வல்வெட்டித்துறையும் ஒன்றாக நிற்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை, காருக்குள் சொன்னார்.

இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டு வயது. பெற்றோருக்குச் சமய நம்பிக்கை இல்லை. ஒரு வருடமாக வந்துகொண்டிருந்தாள். கூடாரக் கயிறு கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சின்னம் மட்டும் இல்லை. முந்திய ஆண்டு சின்னம் சூட்டும் நாளுக்கு முன்வாரம் அவள் எங்களிடம் வந்து கேட்டாள்: "நம்பாததை நம்புகிறேன் என்று சொன்னால் பொய் இல்லையா?" சாரணியர் சட்டத்தின் முதல் விதியே நேர்மையும் நம்பகமும் பற்றியது. அதை அவளுக்குப் பழக்கியவர்கள் நாங்கள்தான். என்ன பதில் சொல்வது? "கொஞ்சம் பொறு" என்றோம். மற்றப் பிள்ளைகள் மூன்று விரல் தூக்கியபோது அவள் சுவரோரம் நின்று கைதட்டினாள். அந்தக் கைதட்டல் சத்தம் எங்களுக்கு நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தது.

2013 ஒக்ரோபரில் அவளுக்குச் சின்னம் சூட்டினோம். அதே வரிசையில் அந்த அம்மம்மாவின் பேத்தியும் நின்றாள், நெற்றியில் விபூதியோடு. இருவரும் ஒரே சொற்களைச் சொன்னார்கள். எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் மூன்றாமவர் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. பிள்ளைகள், "மிஸ் எங்கே?" என்று கேட்டார்கள். "அலுவலாகப் போயிருக்கிறா" என்று பொய் சொன்னோம். நேர்மை பற்றிய விதிக்குக் கீழே நின்றுகொண்டுதான்.

அவர் இரண்டு தவணை வரவில்லை. நாங்கள் போய்க் கூப்பிட்டோம் என்று சொல்ல ஆசை. உண்மையில் மூவருமே முகம் கொடுக்காமல் இருந்தோம். அடுத்த கோடைமுகாமுக்குச் சமைக்க ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் அழைத்துக் கேட்டார். "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் அவர் கேட்டார். இருபத்தெட்டுப் பேருக்குப் பருப்பும் சோறும். அந்தச் சோறு வெந்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வரத் தொடங்கினார்.

இந்த இயக்கத்தில் விதி பற்றிய வாக்குவாதம் புதிதல்ல. 1909இல் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பேடன் பவல் ஆண் பிள்ளைகளின் அணிவகுப்பைப் பார்வையிட்டபோது, அழைக்கப்படாத சில பெண் பிள்ளைகள் தாங்களும் சாரணர்தான் என்று போய் நின்றார்கள். மறு ஆண்டு பெண் சாரணியர் இயக்கம் உருவானது. 2023இல் பொக்ஸ்லீஸ், வாடோ ஹோல் முதலான ஐந்து பயிற்சி நிலையங்களையும் விற்கப்போவதாகத் தலைமையகம் அறிவித்தபோது மீண்டும் கதிரை போதாத கூட்டம். பொக்ஸ்லீஸ் 1922 முதல் இயக்கத்திடம் இருந்த இடம். அதன் புல்வெளியில் நாங்களும் படுத்திருக்கிறோம். பராமரிப்புச் செலவு தாங்கமுடியாது என்ற கணக்கையும் மறுக்க எங்களால் முடியவில்லை. இந்தமுறை மூவரும் தனித்தனியாகக் கடிதம் எழுதினோம். முடிவு மாறவில்லை. ராணி காலமானபின் வாக்குறுதியில் 'அரசர்' என்று மாறியபோது மட்டும் யாரும் கூட்டம் கூட்டவில்லை.

எங்கள் கல்லூரிக் கம்பனிக்கு உதவி அனுப்புவது பற்றி இன்று பிற்பகல் தீர்மானம் எடுக்கப்போகிறோம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கூடாரமா, சீருடையா, பொறுப்பாசிரியைக்குப் பயிற்சியா என்று இங்கிருந்தே வாக்கெடுக்க வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். முதலில் அங்குள்ள பிள்ளைகளிடமும் ஆசிரியையிடமும் கேட்டு எழுதுங்கள். படிவம் அனுப்பினால் போதாது, தொலைபேசியில் அழையுங்கள். படிவத்தை நிரப்பாமல் விட்டவர்கள் சொல்கிறோம்.

இன்னொன்று. அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய் மாலை ஆறரை மணிக்கு எங்கள் மண்டபத்தில் ஐந்து பிள்ளைகளுக்குச் சின்னம் சூட்டுகிறோம். பழைய மாணவிகள் யாரும் வரலாம். எங்களில் இருவர் பிள்ளைகளோடு முன்னால் நிற்போம். மற்றவர் வழமைபோல அந்தப் பத்து நிமிடமும் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார், பிறகு வெளியே வந்து பிள்ளைகளுக்குக் கேக் வெட்டுவார். இரண்டு பக்கத்திலும் கைகள் குறைவாக இருக்கின்றன. எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் வந்து நில்லுங்கள்.