யாழ்மரமும் மின்கிட்டாரும்



தேயிலைக்குப் பெயர் பெற்ற கேமரன் மலைக்கு வந்து மரத்தைப் பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். நாம் செய்த பிழையொன்றே அதற்குக் காரணம். சில ஆண்டுகளுக்கு முன், இம்மலைத் தோட்டமொன்றில் வாழும் மாணவர் ஒருவர் தம் மின்கிட்டாரை எம்மிடம் கொண்டுவந்தார். ஒட்டுப்பலகையால் ஆன மலிவான கருவி. ஒலி மங்கிக் கிடந்தது. "மரம் சரியில்லையா ஐயா?" என்று கேட்டார். வீணை பயின்ற செருக்கில், "மரமே குரல், மகாகனி மரத்தால் ஆனதை வாங்குக" என்றோம். தேயிலை ஆலையில் பணிபுரியும் அவர்தம் தந்தையார் சீட்டுப் பணத்தை எடுத்துப் புதிய கருவி வாங்கித் தந்தார். பின்னர் ஒருநாள் பழைய கிட்டாரின் துருவேறிய கம்பிகளை மாற்றி, கீழே இறங்கியிருந்த பிக்கப்பைச் சற்றே உயர்த்தியபோது, அது புதியதற்கு ஏறத்தாழ இணையாகவே ஒலித்தது. இங்குள்ள ஈரக்காற்றில் கம்பி விரைவில் துருவேறும் என்பதைக்கூட நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

எம் பிழைக்கு நூற்பயிற்சியும் ஒரு காரணம் எனலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் குழலுக்கு உரிய மரத்தை எத்துணை நுட்பமாகத் தெரிவு செய்யச் சொல்கிறார்! பல திசைக் காற்று மோதி மயங்கும் நிலத்து மரம் ஆகாது. இளமரமும் முதுமரமும் ஆகா. வெட்டியதை நிழலில் ஆறவிட்டு, திருகாமலும் பிளவாமலும் இருத்தலை அறிந்து, ஓராண்டு கழித்தே கருவி செய்தல் வேண்டும். சீவக சிந்தாமணியில் சீவகன் தன்னிடம் கொணர்ந்த யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது, ஒன்று வாளால் புண்பட்டது, ஒன்று இடியுண்டது. இவற்றைப் படித்து வளர்ந்தவர்க்கு மரத்தின் மேல் ஐயம் எழுவது அரிது.

யாழுக்கும் வீணைக்கும் அது முற்றிலும் பொருந்தும். மெல்லிய கம்பி தனித்து நின்று அதிர்ந்தால் சிறிதளவு காற்றையே அசைக்கும். அதன் அதிர்வைக் குதிரை வழியாக ஏற்றுத் தானும் அதிர்ந்து, காற்றைப் பெருக அசைப்பது பலா மரத்துக் குடம். நம் காதில் விழுவது பெரும்பாலும் அம்மரத்தின் அசைவே.

மின்கிட்டாரில் வழி வேறு. பிக்கப் என்பது காந்தமும், அதனைச் சூழ ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பியும் கொண்ட சிறு அமைப்பு. மேலே உருக்குக் கம்பி அசையும்போது காந்தப்புலம் மாறுகிறது; செப்புச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுவே. ஆகவே பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதில்லை. கம்பியின் அசைவை மட்டும் உணர்கிறது. உருக்குக் கம்பியை நீக்கிப் பித்தளைக் கம்பியை மாட்டிப் பாருங்கள்: அருகிலிருப்போர் காதில் ஒலி விழும், ஒலிபெருக்கியோ வாய் திறவாது.

இங்கே கலைச்சொல்லாக்கத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். பிக்கப்பை 'ஒலிவாங்கி' என எழுதிவிட்டால், மரத்தின் ஒலியை அது வாங்குகிறது என்றே மாணவர் கொள்வர். 'கம்பியுணரி' என்பது பொருந்தும். (பழந்தமிழ் வழக்கை நினைந்து 'நரம்புணரி' என்றும் ஆக்கிப் பார்த்தோம், அது மருத்துவமனைக் கருவியாகிவிட்டது.)

1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மின்கிட்டார், மடியில் கிடத்தி மீட்டும் வகையினது. அதன் உடல் வார்த்தெடுத்த அலுமினியம், மரமே இல்லை. மரத்தின் முதன்மையைப் பேசுவோர் இக்கருவியை மறந்துவிடுகின்றனர். குரலைப் பெரிதும் மாற்றுவது பிக்கப் நிற்கும் இடம். குதிரைக்கு அருகில் இருப்பின் மேற்சுரங்கள் மிகுந்து கூர்மையாக ஒலிக்கும். கழுத்துப் பக்கம் இருப்பின் திரண்டு ஒலிக்கும். கம்பி நீளத்தின் நாலில் ஒரு பங்கில் பிக்கப் இருக்குமாயின், திறந்த கம்பியின் நான்காம் மேற்சுரம் அவ்விடத்தில் அசைவதில்லை. எனவே அது உணரப்படுவதும் இல்லை. இரட்டைச் சுருள் வகையை 1955இல் கிப்சன் நிறுவனத்திற்காக சேத் லவர் வடிவமைத்தார். மின்கம்பிகளின் இரைச்சலை இரு சுருள்களும் ஒன்றையொன்று எதிர்த்து அழிக்கும். அதற்கு விலையாக உச்ச ஒலிகள் சிறிது மழுங்கும்.

எனில் மரம் வீணா? அன்று. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டது உட்குழிவற்ற மின்மாண்டலின். எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக நின்ற இடத்தில் ஐந்து ஒற்றைக் கம்பிகள். சாதாரண மாண்டலினின் குழிந்த உடல் கம்பியின் ஆற்றலை விரைந்து காற்றுக்குக் கொடுத்துவிடும். ஒலி மீட்டியவுடன் தேயும். நீண்ட கமகத்திற்கு இடமில்லை. திண்ணிய உடல் அவ்வாற்றலை எளிதில் வாங்கிக்கொள்வதில்லை. ஒலி நின்று நிலைக்கும். யாழ்மரம் பேசுவதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது, இம்மரமோ பேசாதிருப்பதற்கு. சில சுரங்கள் மட்டும் ஒரு கிட்டாரில் உடனே மடிவதும் உண்டு. அச்சுரத்தின் அதிர்வெண்ணில் மரம் தானும் அதிர்ந்து ஆற்றலைப் பறித்துக்கொள்வதே காரணம். இதில் உடலைவிடக் கழுத்தின் பங்கே பெரிது. கடை விளம்பரங்களில் கழுத்து மரத்திற்கு இத்துணை இடம் தருவதைக் காணோம்.

கருவியின் எடை, தாங்கும் வலிமை, ஈரத்தில் வளையாமை ஆகியவற்றுக்காக நல்ல மரத்தை நாடுவது முறையே. கையில் உள்ள கருவியின் மரத்தைப் பழிக்குமுன், கம்பியையும் பிக்கப்பின் உயரத்தையும் பாருங்கள் என்றே ஆசிரியர்களை வேண்டுகிறோம். அத்தந்தையாரின் சீட்டுப் பணம் திரும்பப் போவதில்லை.

அம்மாணவர் இரு கிட்டார்களுடனும் இன்று வந்திருக்கிறார். இரண்டிலும் ஒரே வகைக் கம்பிகள். ஒரே வகைப் பிக்கப்புகள், ஒரே உயரத்தில். திரைக்குப் பின்னிருந்து இரண்டையும் மும்முறை மாற்றி மாற்றி மீட்டுவார். ஒட்டுப்பலகை எது, மகாகனி எது என்று தாளில் எழுதித் தாருங்கள். நாமும் எழுதவிருக்கிறோம்.