வீட்டை விரிவாக்குமுன்

(முடிச்சூரில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் நிகழ்த்திய உபந்நியாசம்)



வேதாந்தம் கேட்க வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். யான் பேச எடுத்துக்கொண்டது செங்கல்லும் மணலுமாகிய லௌகிக விஷயம். நம்மவரில் அநேகர் குமாரனுக்கு விவாகம் நிச்சயமானவுடன் மேஸ்திரியை அழைக்கிறார்கள்; மாடியில் ஓர் அறை எழும்பிவிடுகிறது. அனுமதி பெற்றீரா என்றால், "என் வீட்டில் யான் கட்ட யாரைக் கேட்பது?" என்கிறார்கள்.

யானும் அவ்வாறே சொன்னவன். எனது வீட்டிற்கும் அயல் வீட்டிற்கும் இடையே விட்டிருந்த சந்தை அடைத்துச் சமையலறையை நீட்டினேன். 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளம் தங்களுக்கு நினைவிருக்கும். நம்மூரை முழுகச் செய்தது செம்பரம்பாக்கத்து நீரென்று பலர் இன்றும் சொல்வது பிசகு. அந்நீர் அடையாற்றில் கலப்பது நமக்குக் கீழே, திருநீர்மலையருகில். நம்மிடம் வந்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீர். அது பின் வாசலால் புகுந்தது. முன்னே வடிய வழியில்லை. வழியை அடைத்தவன் யானே. அயல் வீட்டு மூதாட்டியார் முழங்கால் நீரில் இராமுழுதும் நின்றார். மறு வருஷம் அச்சுவரை யானே இடித்தேன்.

ஓரத்தில் இடம் விடும்படி விதிப்பது, ஆதலால், உத்தியோகஸ்தரின் வீண் பிடிவாதமன்று. வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரை மாற்றுதல் முதலியவற்றிற்கு அனுமதி வேண்டியதில்லை. அறையோ மாடியோ சேர்ப்பதாயின் வேண்டும். 1971ஆம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டப்படியான திட்ட அனுமதி ஒன்று; உள்ளாட்சி மன்றத்தின் கட்டட அனுமதி மற்றொன்று. இவற்றிற்கான அளவுகள் 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த விதிகளில் உள்ளன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது முடிச்சூர் அதில் சேர்க்கப்படாததால், நமக்குச் சட்டமே இல்லையென்று சிலர் மகிழ்ந்தனர்! சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லையில் நாம் அதற்கு முன்பே இருந்தோம்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ உள்ள குடியிருப்பிற்கு இணையவழியே உடனடியாக அனுமதி கிடைக்கும். ஆயினும் விதிப்படி கட்டுவேனென்று கையொப்பமிடுபவர் தாமே. பொய்யாயின் பொறுப்பும் தமதே.

அனுமதிச் சீட்டு அஸ்திவாரத்தைத் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் தேதி சரிந்து 61 உயிர்களைக் கொண்ட பதினொரு மாடிக் கட்டடத்திற்கு அனுமதி இருந்தது. ஒற்றைத் தளத்திற்கென வைத்த தூண்களின்மேல் மாடி ஏற்றுவோர் எஞ்ஜினீயரைக் கொண்டு முதலில் பரீட்சை செய்விக்க வேண்டும். மேஸ்திரியின் வாய்ச்சொல் போதாது.

பணவிஷயத்திலும் நஷ்டமே. எனது குமாரத்தியின் படிப்பிற்கு வீட்டை ஈடு வைக்கச் சென்றேன். வரைபடத்தில் இல்லாத அறை வீட்டில் இருப்பதைக் கண்டு, கடன் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

தை பிறந்தவுடன் வேலை தொடங்க எண்ணுவோர் பத்திரம், பட்டா, பழைய வரைபடம் ஆகியவற்றுடன் அடுத்த கூட்டத்திற்கு வருக. எஞ்ஜினீயரிங் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற நம் அங்கத்தினர் ஒருவர் பார்த்துச் சொல்ல இசைந்துள்ளார். எனது வரைபடத்தையும் கொண்டுவருகிறேன். சமையலறை எங்கே நின்றிருக்க வேண்டுமென்பதைத் தாங்களே காணலாம்.