தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகு



முழங்கால் வலிக்குத் தைலம், ஒத்தடம், மாத்திரை என்று ஏதாவது சொல்லப் போகிறேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். அதற்கும் வருகிறேன். அதற்கு முன், சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறீர்களே, அந்த நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "மூட்டு தேஞ்சு போச்சும்மா, வயசாச்சில்ல" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அடுத்த நோயாளி உள்ளே போய்விடுகிறார்.

ஆயுள் முழுவதும் உட்கார்ந்தே பழகினவருக்கு இந்த வார்த்தை அத்தனை கனமாக விழாது. விடியும் முன்னே எழுந்து வாசல் தெளித்து, சோறாக்கி வைத்துவிட்டு நடவுக்கு ஓடினவருக்கும், முப்பது வருஷம் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்தவருக்கும்தான் இடி விழுந்த மாதிரி இருக்கும். உழைப்பை வைத்துத்தான் ஊரில் அவர்களுக்குப் பெயர். "ஒரு சொம்பு தண்ணி எடுத்துத் தான்னு நான் யாரையும் கேட்டதில்லையே" என்பார்கள். கோபம் வரும், அழுகை வரும், எந்தப் பாவத்துக்கு இது என்று தோன்றும். வரட்டும். கை கால் நன்றாக இருந்த காலத்தை நினைத்து அழுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. இதுவும் ஒரு துக்கம்தான்.

ஆனால் அந்தத் துக்கத்தோடு ஒரு தப்பான எண்ணமும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறது. தேய்மானம் என்றதும் செருப்பும் சைக்கிள் டயரும் நினைவுக்கு வருகின்றன. நடந்தால் இன்னும் தேயும், மிச்சமிருப்பதைச் சேமித்து வைப்போம் என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம். மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் உள்ள திரவத்திலிருந்துதான் ஊட்டம். காலை ஊன்றும்போது அது அமுங்கும், எடுக்கும்போது விரியும். அப்படி அசைந்தால்தான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். அந்த மூட்டைத் தாங்கிப் பிடிப்பதோ தொடைச் சதை. உட்கார்ந்தே இருந்தால் சதை இளைத்துவிடும், மூட்டுக்குப் பிடிமானம் குறையும், வலி கூடும். வலி கூடினதும், "பார்த்தீங்களா, டாக்டர் சொன்னது சரியாப் போச்சு" என்று இன்னும் உட்காருவோம். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்கால் எல்லாம் மோசமாக வலிப்பதும் இல்லை. படம் சுமாராக இருந்தும் வலியால் துடிப்பவர்கள் உண்டு. அந்தப் படத்தை ஜாதகம் மாதிரிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம்.

நடவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். தேய்மானம் என்று கேட்ட நாள் முதல் அவர் வயல் பக்கமே போகவில்லை. மருமகள் நல்ல பெண். மாமியார் கையிலிருந்து குடத்தை வாங்கினாள், துடைப்பத்தை வாங்கினாள், கடைசியில் முறத்தையும் வாங்கிக்கொண்டாள். "நீங்க சும்மா உட்காருங்கத்தை." அன்போடு சொன்னதுதான். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "வலியைக்கூடப் பொறுத்துக்குவேன் சார். என் வீட்டுல என்னையே விருந்தாளி ஆக்கிட்டாங்க." பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சேற்றில் குனிந்து நடுவது வேண்டாம். நாற்றுமுடி எண்ணிக் கொடுப்பதும், ஆள் கணக்கும், கூலி பேசுவதும் அவருடைய வேலை. வீட்டில் முறம் அவர் கைக்குத் திரும்பிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து புடைக்கிறார். இப்போதும் நடவு நடக்கும்போது வரப்பில் சற்று நேரம் பேசாமல் நின்றுவிடுவாராம். இருக்கத்தானே செய்யும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. "வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லாதீர்கள். 2019-ல் உலகத்தில் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அத்தனை பேருக்கு இருப்பதால் உங்கள் தாயாருக்கு வலி குறைந்துவிடாது. எந்த வேலையை வைத்துக்கொள்ள ஆசை என்று அவரையே கேளுங்கள். வெளியில் சொல்லக் கூச்சப்படும் விஷயம் கக்கூஸ். குந்தி எழுந்திருக்க முடியாமல், ஆளைக் கூப்பிடவும் வெட்கப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. உட்காரும்படியான பீங்கானோ, நடுவில் துளையிட்ட நாற்காலியோ, பிடித்து எழ ஒரு கம்பியோ வைத்துக் கொடுங்கள். கைத்தடிக்கும் இதே வெட்கம்தான். வெயில் மழை இல்லாத நாளிலும் குடையை ஊன்றி வரும் பெரியவர்கள் எத்தனை பேர்! நுனியில் ரப்பர் போட்ட தடியே நல்லது. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை, பிறகு மறு கால். நடையும் வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் வலிக்கும். மறுநாளைக்குள் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள், அடியோடு விடாதீர்கள். உழைத்துப் பழகினவர்களிடம் ஒரு குணம் உண்டு: வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வார்கள். தினமும் அளவாகச் செய்யுங்கள். கனத்த உடம்புக்காரர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மூட்டு திடீரென்று சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, தேய்மானம்தானே என்று இருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வருத்தம் நாளாக நாளாக ஆறி வரும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லாமல், சோறு இறங்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தால், கால் வலியைச் சொல்வது போலவே அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.