பேஸ் கிற்றாருக்குத் தந்தி தெரிதல்

இசைக்குழு ஒன்றின் வாசிப்பைக் கேட்போர் பாடகரின் குரலை முதலிற் கவனிப்பர். அதன்பின் மேளத்தையும் ஏனைய வாத்தியங்களையும் கவனிப்பர். இவற்றுக்கெல்லாம் அடியில் நின்று தாளத்தையும் சுருதியையும் ஒருங்கே தாங்கும் பேஸ் கிற்றாரைத் தனியே கவனிப்போர் சிலரேயாவர். ஆனால், அது ஓய்ந்த கணத்திலே பாட்டின் அத்திவாரமே அகன்றதுபோலத் தோன்றும். அத்துணைப் பொறுப்பு வாய்ந்த இவ்வாத்தியத்தைப் பயில்வோரிடம் இரு முறைப்பாடுகளைப் பெரிதும் கேட்கலாம். விரல்கள் விரைவிற் சோர்ந்துவிடுகின்றன என்பது ஒன்று. நாதம் கலங்கி ஒலிக்கின்றது என்பது மற்றொன்று. முன்னதற்குத் தம் கையையும் பின்னதற்குத் தம் வாத்தியத்தையும் குறைகூறி, சிலர் பயிற்சியையே கைவிடுகின்றனர். சிலர் பெரும்பொருள் செலவிட்டு வேறு வாத்தியம் வாங்குகின்றனர். குறை கையிலும் இல்லாது, வாத்தியத்திலும் இல்லாது, தந்தியில் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தந்திகள் விற்கப்படும் உறையின் மேல் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 45, 65, 85, 105 என்பன பரவலாக வழங்கும் ஒரு வரிசை. ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறாக்கினால், அக்கூறுகளில் எத்தனை தந்தியின் குறுக்களவாகும் என்பதையே இவ்விலக்கங்கள் குறிக்கின்றன. வாங்குவோர் பெரும்பாலார் இவற்றை நோக்கியே தெரிவு செய்கின்றனர். ஆனால் இவை தடிப்பை மட்டுமே கூறுவன. தந்தி எவ்வளவு இறுக்கமாக நிற்கும் என்பதையோ, எத்தகைய நாதந் தரும் என்பதையோ இவை தாமாகக் கூறமாட்டா. இறுக்கம் ஒரு வினா. நாதம் வேறொரு வினா. இரண்டையும் பிரித்தறிந்து விடை காண்பதே தந்தி தெரியும் முறையாகும்.

முதலில் இறுக்கத்தை, அதாவது இழுவிசையை, நோக்கலாம். தந்தியின் அதிர்வுக்குரிய விதிகளைப் பிரான்சு நாட்டு அறிஞர் மேர்சென் என்பவர் 1636 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். தந்தி நீளுந்தோறும் சுரம் தாழும்; பாரங் கூடுந்தோறும் சுரம் தாழும்; இழுவிசை கூடுந்தோறும் சுரம் உயரும். இம்மூன்றில் நீளத்தை வாத்தியஞ் செய்தோர் நிச்சயித்துவிடுகின்றனர். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் என்பார் 1951 இல் வெளியிட்ட பிரிசிசன் பேஸ் என்னும் வாத்தியத்தில், அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். அதுவே இன்றும் பெருவழக்கான அளவாகும். சுரத்தையோ இசைமரபு நிச்சயித்துவிட்டது. மிகத் தடித்த ஈ தந்தி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர வேண்டும். ஏ தந்தி 55 முறையும், டீ தந்தி 73 முறையும், ஜீ தந்தி 98 முறையும் அதிர வேண்டும். நீளமும் சுரமும் மாறாதனவாகவே, வாசிப்பவரின் தெரிவுக்கு எஞ்சுவது தந்தியின் பாரம் ஒன்றே. பாரத்தைத் தெரிந்ததும் இழுவிசையும் தானே நிச்சயமாகிவிடும்.

இவ்விதியைக் கொண்டு முன்கூறிய வரிசையை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். ஜீ தந்தியின் அதிர்வு ஈ தந்தியின் அதிர்வைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. இரண்டும் ஒரே இழுவிசையில் நிற்க வேண்டுமாயின் ஈ தந்தியின் தடிப்பும் ஏறத்தாழ அத்தனை மடங்காதல் வேண்டும். 45 ஐ அவ்வாறு பெருக்கினால் 107 வரும். வழக்கிலுள்ள 105 அதற்கு மிக அணித்தானது. இதே கணக்கின்படி நடுத்தந்திகள் இரண்டும் 60, 80 என அமைய வேண்டும். வழக்கிலோ அவை 65, 85 ஆக உள்ளன. எனவே அவ்வரிசையைப் பூட்டியவரின் விரலுக்கு நடுத்தந்திகள் சற்று விறைப்பாகவும் ஓரத் தந்திகள் சற்று இளக்கமாகவும் தோன்றினால், அது விரலின் மயக்கமன்று, கணக்கின் விளைவேயாகும்.

34 அங்குல வாத்தியத்தில் இத்தகைய தந்தி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 முதல் 50 இறாத்தல் வரையான விசையுடன் இழுக்கப்பட்டு நிற்கின்றது. இங்கே தடிப்பிற் செய்யும் சிறு மாற்றமும் பெரும் பயன் விளைக்கும். ஏனெனில், தடிப்பின் வர்க்கத்துக்கேற்ப இழுவிசை மாறும். 105 தடிப்புள்ள ஈ தந்தியை நீக்கி அதே வகையில் 100 தடிப்புள்ளதைப் பூட்டினால், குறுக்களவிற் குறைந்தது ஏறத்தாழ நூற்றுக்கு 5. இழுவிசையிற் குறைவதோ நூற்றுக்கு 9 அளவாகும். பாடகரின் குரலுக்கேற்ப ஈ தந்தியை டீ வரையில் தாழ்த்தினால் இழுவிசையில் ஐந்திலொரு பங்கு போய்விடும். அந்நிலையில் தந்தி அகல வீசி மெட்டுக்களில் மோதி இரையும். பலமாக மீட்டினால் சுரம் ஒருகணம் ஏறிப் பின் இறங்கும். இழந்த இறுக்கத்தை மீட்க 118 அளவிலான தடிப்பு வேண்டும். 30 அங்குல நீளமுள்ள குறும் பேஸ்களில் அதே தந்தி அதே சுரத்தில் நின்றாலும், இழுவிசை நூற்றுக்கு 22 அளவு குறைந்திருக்கும். ஒருவருக்கு உகந்த தந்தி மற்றொருவருக்கும் உகக்கும் எனக் கூற இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நாதத்தை நோக்கலாம். தந்தியின் நடுவே உருக்குக் கம்பி ஒன்று உண்டு. அதன்மேல் வேறு கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். இத்துணைத் தடித்த தந்தியை ஒரே கம்பியாகச் செய்தால் அது கோல்போல் விறைத்து நிற்கும்; அதன் மேற்றொனிகள் உரிய இடத்தைவிட்டு உயர்ந்து இனிமையைக் கெடுக்கும். சுற்றுக்கம்பியோ விறைப்பை மிகுதியாக்காமற் பாரத்தைக் கூட்டுகின்றது. நாதத்தின் குணத்தைப் பெரிதும் ஆள்வது இச்சுற்றின் வடிவமேயாகும்.

உருண்டைக் கம்பியாற் சுற்றிய தந்தியில் மேற்றொனிகள் மிகுதியாகவும் நெடுநேரமும் ஒலிக்கும்; நாதம் பளிச்சென்று முன்னே வந்து நிற்கும். ஆயினும் அதன் முரட்டு மேற்பரப்பு விரலுராயும் ஓசையை எழுப்பும்; காலப்போக்கில் மெட்டுக்களையும் தேய்க்கும். தட்டைத் தகட்டாற் சுற்றிய தந்தி கண்ணாடிபோல் வழுவழுப்பானது. அதன் நாதம் மேற்றொனி குறைந்து, உருண்டு திரண்டு, மேளத்தோடு ஒன்றி நிற்கும். இடைவெளியின்றி நிரம்பிய சுற்றாதலால், ஒரே தடிப்புள்ள உருண்டைச் சுற்றைவிட அது பெரும்பாலும் பாரமானது. ஆகவே இறுக்கமும் மிகுந்தது. தடிப்பின் இலக்கத்தை மட்டும் நம்பி உருண்டைச் சுற்றிலிருந்து தட்டைச் சுற்றுக்கு மாறியவர் கை நோவதாகக் கூறுவதற்குக் காரணம் இதுவே.

இரு நெறிகளுக்கும் சான்றாகப் பெருங் கலைஞர் உளர். டெட்ரோயிற் நகரின் மோட்டவுன் நிறுவனத்து ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகளையே கையாண்டார். பழைய தந்திகளை எளிதில் மாற்றாதவர் எனவும் பெயர் பெற்றார். அப்பாடல்களின் கனிந்த அடிநாதம் அத்தந்திகளுக்கும் கடன்பட்டது. இங்கிலாந்திலோ தி ஹூ குழுவின் ஜோன் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் கூடி 1966 இல் பேஸுக்குரிய உருண்டைச் சுற்றுத் தந்திகளைச் செம்மைப்படுத்தினார். பியானோவின் தாழ்சுரம்போல் முழங்கும் புதிய நாதம் அவ்வாறு பரவிற்று. ஜாக்கோ பஸ்தோரியசு மெட்டுக்கள் நீக்கிய வாத்தியத்தில் அவ்வகைத் தந்திகளையே பூட்டினார்; அவை மரத்தை அரிக்காதிருக்க விரற்பலகைக்கு எப்பொக்சிப் பிசினைப் பூசினார். இவர்களுள் எவரது தெரிவும் மற்றவரதினும் தாழ்ந்ததன்று. தாம் வாசிக்கும் இசை வேண்டியதையே ஒவ்வொருவரும் தெரிந்தனர்.

சுற்றின் உலோகமும் கருதத்தக்கது. துருவேறா உருக்கு மிகக் கூர்மையான நாதந் தரும். தூய நிக்கல் மென்மை தரும். நிக்கல் பூசிய உருக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மின் பேஸின் காந்தச் சுருள் காந்தத்தாற் கவரப்படும் உலோகத்தின் அசைவையே உணரும். ஆதலால், வெண்கலஞ் சுற்றிய தந்திகள் அதில் நலிந்தே ஒலிக்கும்.

தெரிவு செய்வோர் கைக்கொள்ளத்தக்க முறை எளியது. இப்பொழுது பூட்டியுள்ள தந்தியின் வகையையும் தடிப்பையும் முதலிற் குறித்துக்கொள்ள வேண்டும். கை சோர்கின்றதாயின் வகையை மாற்றாது தடிப்பை மட்டும் ஒருபடி குறைக்க வேண்டும். தந்தி தளர்ந்து இரைகின்றதாயின் ஒருபடி கூட்ட வேண்டும். இறுக்கம் இசைந்திருந்து நாதம் மட்டும் பொருந்தாவிடின், அப்பொழுதே சுற்றையும் உலோகத்தையும் மாற்றல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றியவர் எதனால் என்ன விளைந்தது என்பதை அறியமாட்டார். சில உற்பத்தியாளர் ஒவ்வொரு தந்தியின் இழுவிசையையும் இறாத்தற் கணக்கில் அச்சிட்டு வழங்குகின்றனர். அவ்வட்டவணையை ஒப்புநோக்குவது வீண் செலவைத் தடுக்கும். இழுவிசை மாறியதும் வாத்தியத்தின் கழுத்து சிறிது வளையும் அல்லது நிமிரும். கழுத்தினுட் பதித்த உருக்குக் கோலையும், குதிரையின் உயரத்தையும் திருத்திய பின்னரே புதிய தந்தியைப் பற்றித் தீர்ப்புக் கூறலாம்.

தந்தியின் வயதையும் மறத்தலாகாது. வியர்வையும் அழுக்கும் சுற்றுக்களின் இடையிற் படிந்து மேற்றொனிகளை அடக்கிவிடும். இலங்கைபோன்ற ஈரப்பதன் மிக்க நாடுகளில், அதிலும் கடலோரத்தில், இது விரைந்து நிகழும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து வைத்தல் நன்று. ஒருகாலத்தில் தெளிவாக ஒலித்த வாத்தியம் இப்பொழுது மங்கி ஒலிப்பின், புதிய வாத்தியத்தை நாடுமுன் புதிய தந்திகளைப் பூட்டிப் பார்ப்பதே முறை. கையையும் வாத்தியத்தையும் பழிக்குமுன் தந்தியை ஆராய்வோருக்குப் பொருளும் மிஞ்சும். பயிற்சியும் தடையின்றித் தொடரும்.