பைப் என்று சொன்ன பிள்ளை



தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் ஒரு தமிழ்க் கேள்வியோடு தொடங்குகிறேன். தண்ணீர் வரும் குழாயை வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? பைப்! யாழ்ப்பாணத்திலும் பைப்தான், மதுரையிலும் பைப்தான். ஜமைக்காவிலும் பைப்தான். இந்த லண்டனில் மட்டும் அது 'டேப்'.

1960களில் இங்கே கரீபியன் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். தாளில் இங்கிலாந்து வீட்டுச் சொற்கள். டேப் தெரியாத பிள்ளைக்கு மதிப்பெண் போனது. மதிப்பெண் போன பிள்ளையை 'ஈ.எஸ்.என்.' பள்ளிக்கு அனுப்பினார்கள். மந்தபுத்திப் பள்ளிக்கூடம் என்பதற்கு அவர்கள் வைத்த நாகரிகப் பெயர் அது. அங்கே போனவன் பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை.

1971இல் கிரெனடாத் தீவுக்காரர் பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூல் எழுதினார். ஃபின்ஸ்பரி பார்க்கில் ஜான் லா ரோஸ் நடத்திய நியூ பீக்கன் பதிப்பகம் அதை வெளியிட்டது. மேற்கிந்தியத் தீவுப் பிள்ளை மந்தமாக இருக்கிறது என்று கோர்ட் சொல்லவில்லை. மந்தமாக ஆக்கப்படுகிறது என்று தலைப்பிலேயே சொன்னார்.   அந்தத் தலைமுறைக் கரீபியன் பெற்றோர் சனிக்கிழமைப் பள்ளிகள் தொடங்கினார்கள். நாம் சனிக்கிழமை கூடுவது பிள்ளைக்கு மொழி மறக்கக்கூடாது என்று. அவர்கள் கூடியது, ஐந்து நாள் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காததை ஆறாம் நாள் சொல்லிக்கொடுக்க.

ஈ.எஸ்.என். என்ற பெயரை 1981 கல்விச் சட்டம் எடுத்துவிட்டது. ஆனால் பிள்ளையைப் பள்ளியிலிருந்தே நீக்கும் கடிதம் இன்னும் வருகிறது. 2019இல் எட்வர்ட் டிம்ப்சன் அரசுக்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். வறுமை, சிறப்புத் தேவை என்று மற்றக் காரணங்களை எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், கரீபியன் பிள்ளை நிரந்தரமாக நீக்கப்படும் வாய்ப்பு வெள்ளைக்காரப் பிள்ளையைவிட 1.7 மடங்கு. நீக்கப்பட்ட பிள்ளைகளில் ஆங்கிலமும் கணக்கும் நல்லபடி தேறியவர்கள் நூற்றுக்கு 7 பேர். "அவர்கள் படிப்பதில்லை" என்கிறோமே, வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொல்கிறோம்.

இனிச் சொல்லப்போவது என் குற்றம்.

நான் ஒரு பள்ளியில் பெற்றோர் தரப்பு கவர்னராக, அதாவது பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினராக, இருந்தேன். எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன். பதினான்கு வயதுக் கரீபியன் பையனைத் தலைமையாசிரியர் நிரந்தரமாக நீக்கியிருந்தார். அது சரியா என்று பார்க்க மூன்று கவர்னர்கள் உட்கார்ந்தோம். அவன் கத்தி கொண்டுவரவில்லை, யாரையும் அடிக்கவில்லை. 'தொடர்ந்து ஒழுங்கைக் குலைத்தல்.' இந்த நாட்டில் நிரந்தர நீக்கத்துக்கு மிக அதிகமாக எழுதப்படும் காரணம் இதுதான். ஃபைல் இவ்வளவு தடிமன். உள்ளே என்ன? எதிர்த்துப் பேசினான். முறைத்தான். தொப்பியைக் கழற்றச் சொன்னால் மெதுவாகக் கழற்றினான். ஆறேழு இடத்தில், 'பல்லால் சத்தம் எழுப்பினான்.'

நாம் உச்சுக் கொட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சும் ஒரு சத்தம். சலிப்பு வந்தால் கரீபியன் வீடுகளில் சின்னவர் பெரியவர் எல்லோரும் செய்வது.

பையனோடு பாட்டி வந்திருந்தார். தேவாலயத்துக்குப் போவது போலத் தொப்பியும் கையுறையும். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவன் ஆரம்பப் பள்ளியில் வாங்கிய சான்றிதழ்கள். அதை யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் "பல்லால் சத்தம்" என்று நான்காவது தடவை வாசித்தபோது, பாட்டி தன்னையறியாமல் அதே சத்தத்தைப் போட்டார். அறையில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதே வகுப்பில் என் மகனும் எதிர்த்துப் பேசுகிறவன்தான். வீட்டுக்கு வந்த கடிதம் எத்தனை? ஒன்றுகூட இல்லை. "நல்ல குடும்பத்துப் பிள்ளை, அன்றைக்கு ஏதோ மனநிலை சரியில்லை" என்று பெற்றோர் சந்திப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார் ஆசிரியை. அது எனக்கு அந்த அறையில் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும், நீக்கம் சரி என்று கையைத் தூக்கினேன். மூன்று கையும் மேலே. பாட்டி கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நம் பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், அந்தப் பிள்ளைகளோடு சேரவிடாதீர்கள்" என்று இதே மண்டபத்தில் போன வருடம் ஒருவர் பேசினார், கைதட்டினோம். நானும் தட்டினேன்.

கவர்னர் இடம் காலியானால் பிள்ளையின் பையில் ஒரு தாள் வரும், பெற்றோர் கவர்னர் தேர்தல் என்று. சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். எடுத்து நிரப்புங்கள். என்றைக்காவது அப்படி ஒரு ஃபைல் உங்கள் முன்னால் வந்தால், நான் கேட்காமல் விட்டதைக் கேளுங்கள்: ஐயா, இதே சத்தத்தை இந்த வகுப்பில் வேறு யார் போட்டார்கள், அவர்கள் ஃபைல் எங்கே?