பாக்கெட் குறுகினால் ஆட்டம் வளருமா?



கேரம் பலகையின் மூலைக் குழியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். போட்டிகளுக்கான பலகையில் அந்தக் குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். காயின் விட்டம் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது காய் விழுவதற்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. அந்தத் தாராளத்தை எடுத்துவிட்டு, குழியைக் காயின் அளவுக்கே நெருக்கிச் சுருக்கிவிட்டால் என்ன ஆகும்? கை தேர்ந்தவர் இன்னும் கூர்மையாக ஆடுவார். கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

பூல் விளையாட்டில் இது கற்பனைக் கேள்வி அல்ல. பச்சையோ நீலமோ துணி விரித்த மேசை, ஆறு பாக்கெட், ஒரு வெள்ளைப் பந்து, கையில் கியூ கோல் என்று நாம் அறிந்த அந்த ஆட்டத்தில், பாக்கெட்டின் வாய் படிப்படியாகக் குறுகிக்கொண்டு வருகிறது. பெரும் போட்டிகளில் தொடங்கிய இந்தப் பழக்கம் சாதாரண மக்கள் மாலை நேரத்தில் ஆடும் கூடங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். பூல் பந்தின் விட்டம் 2¼ அங்குலம். மூலைப் பாக்கெட்டின் வாய் 4½ முதல் 4⅝ அங்குலம் வரை இருக்கவேண்டும் என்பது உலக பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதி. நடுப் பாக்கெட்டுக்கு 5 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். அமெரிக்காவில் முன்பு வழக்கில் இருந்த மேசைகளில் மூலைப் பாக்கெட்டே ஏறக்குறைய 5 அங்குலம். இப்போதோ சில பெரிய நைன் பால் போட்டிகளில் 4 அங்குலம் வரை இறங்கிவிட்டார்கள்.

ஐந்திலிருந்து நான்கு. கேட்பதற்கு ஓர் அங்குலக் குறைவுதான். ஆனால் பந்துக்கும் ஓர் உடம்பு இருக்கிறது அல்லவா? 5 அங்குல வாயில் 2¼ அங்குலப் பந்து நுழைகிறது என்றால், பந்தின் மையம் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 1⅜ அங்குலம் விலகினாலும் ஓரத்தில் உரசாமல் உள்ளே போய்விடும். வாய் 4 அங்குலமானால் அந்த விலகலுக்கு இடம் ⅞ அங்குலம்தான். வாய் சுருங்கியது ஐந்தில் ஒரு பங்கு. பிழைக்கு இருந்த இடம் சுருங்கியதோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாக்கெட்டைக் கொஞ்சம்தான் குறைத்தோம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்தச் சிறிய இடம் ஆடுபவரின் கையில் என்னவாக மாறுகிறது என்றும் பார்க்கலாம். பந்திலிருந்து பாக்கெட் 4 அடி தூரம். வெள்ளைப் பந்து அதற்குப் பின்னால் 40 அங்குலத்தில் நிற்கிறது. நேர்க்கோட்டு அடி. 5 அங்குலப் பாக்கெட்டில் பந்து சுத்தமாக விழ, வெள்ளைப் பந்தின் பாதை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு வரை தவறலாம். 4 அங்குலத்தில் அந்த அனுமதி 0.06 பாகைக்கு வந்துவிடுகிறது. வெள்ளைப் பந்தில் ஏற்படும் சிறு பிழை, மோதலுக்குப் பிறகு மற்றப் பந்தில் பதினாறு பதினேழு மடங்காகப் பெருகுவதுதான் காரணம். மூச்சு கொஞ்சம் தடுமாறினாலும் முழங்கை கொஞ்சம் விலகினாலும் இந்த அளவைத் தாண்டிவிடும்.

வாய் மட்டும் முழுக்கதை இல்லை. கேரம் குழி வட்டமான ஓட்டை. பூல் பாக்கெட்டுக்கு இரண்டு கன்னங்கள் உண்டு. மேசை ஓரத்துக் குஷன் ரப்பர் முடியும் இடத்தில் அது உள்நோக்கிச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வாயில் அகலமாகத் தொடங்கி உள்ளே போகப் போக ஒடுங்கும். தவறாக வந்த பந்து ஒரு கன்னத்தில் பட்டு, மறு கன்னத்தில் பட்டு, விழாமல் வாசலிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக வந்த பந்தாக இருந்தால் அதே இடத்தில் பட்டும் நழுவி விழுந்துவிடும். வேகமாக வந்தது வெளியே துள்ளிவிடும். இத்துடன், வாயிலிருந்து பந்து விழும் விளிம்பு வரை மேசைக்கல் எவ்வளவு நீள்கிறது என்பதும் முக்கியம். அந்த நீளம் கூடக் கூட, வாய் மாறாமலே பாக்கெட் கடினமாகும். ஆகவே இரண்டு மேசைகளுக்கும் 4½ அங்குலம் என்று சொன்னாலும் அவை ஒரே மாதிரி ஆடும் என்று எதிர்பார்க்க முடியாது. மேசை பழுதுபார்ப்பவர்கள் பாக்கெட்டை இறுக்குவதற்குக் கன்னத்தின் ரப்பருக்குப் பின்னால் மெல்லிய பட்டைகளைச் சேர்ப்பார்கள். அரை நாளில் முடிகிற வேலை. ஆனால் சாய்வுக் கோணத்தைக் கவனிக்காமல் பட்டையை மட்டும் சேர்த்தால், சரியாக அடித்த பந்தையும் துப்பும் பாக்கெட் கிடைக்கும்.

சரி, ஏன் இறுக்கினார்கள்? தொழில்முறை ஆட்டக்காரர்கள் அவ்வளவு திறமைசாலிகளாகிவிட்டார்கள் என்பதுதான் நேர்மையான பதில். நைன் பால் ஆட்டத்தில் ஒன்பது பந்துகள். எண் வரிசையில் மிகச் சிறியதை முதலில் தொடவேண்டும். 9-ஆம் எண் பந்தை முறைப்படி விழவைத்தவர் வெற்றி பெறுகிறார். ஒருவர் பிரேக் எனும் முதல் அடியில் தொடங்கி, எதிராளிக்கு வாய்ப்பே தராமல் முழு ஆட்டத்தையும் முடித்துவிடலாம். 1996-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட், தொடர்ந்து 10 ஆட்டங்களை இப்படி முடிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்ற சவாலைச் செய்து காட்டினார். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது நடந்த நாளில் வியப்பு. ஒவ்வொரு வாரமும் நடந்தால் பார்ப்பவருக்குச் சலிப்பு. பிரேக் யாருக்குக் கிடைத்தது, அதில் பந்து விழுந்ததா என்பதே முடிவைத் தீர்மானித்தால் அதைப் போட்டி என்று சொல்வது கடினம்.

அந்த வகையில் 5 அங்குலத்தை விட்டு 4½ அங்குலத்துக்கு வந்தது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். பந்தைச் சற்று அலட்சியமாக அடிப்பவருக்குத் தண்டனை கிடைத்தது. தப்புக்கும் சரிக்கும் உள்ள இடைவெளி மேசையில் தெரிந்தது. தற்காப்பு ஆட்டத்துக்கு மதிப்பு கூடியது. பந்தை விழவைக்க முடியாத நிலையில், எதிராளிக்கு நேர்வழி கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை இன்னொரு பந்தின் முதுகில் மறைத்து வைப்பது ஓர் அழகான கலை. அந்தக் கலை மீண்டும் மேடைக்கு வந்தது.

4 அங்குலத்துக்கு இறங்கியபோதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

பூல் என்பது பந்தை விழவைக்கும் ஆட்டம் மட்டும் அல்ல. அடுத்த பந்துக்காக வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்ற ஆட்டம். தேர்ந்தவர்கள் எப்போதும் பாக்கெட்டின் நடுவையே குறிபார்ப்பதில்லை. இடப்பக்கமாக விழவைத்தால் வெள்ளைப் பந்து ஒரு கோணத்தில் விலகும், வலப்பக்கமாக விழவைத்தால் வேறு கோணத்தில் விலகும். பாக்கெட்டின் அகலத்துக்குள்ளேயே இப்படி ஒரு தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வை வைத்துத்தான் முடியாத இடத்திலிருந்து வெள்ளைப் பந்தைக் கொண்டுவருகிறார்கள். பலமாக அடித்து வெள்ளைப் பந்தை மேசையின் முழு நீளத்துக்கும் பின்னிழுப்பது, பக்கவாட்டுச் சுழற்சி கொடுத்து மூன்று குஷன் சுற்றிவரச் செய்வது எல்லாம் இப்படிப் பிறந்தவை. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸை உலகம் மந்திரவாதி என்று அழைத்தது எதற்காக? அவர் பந்தை விழவைத்ததற்காக மட்டும் இல்லை. வேறு யாருக்கும் தோன்றாத வழியில் வெள்ளைப் பந்தை ஓட்டியதற்காக.

பாக்கெட் மிகவும் இறுகினால் இந்தத் தேர்வு மறைந்துவிடுகிறது. வேகமாக அடித்தால் கன்னம் துப்பும் என்ற பயத்தில் எல்லோரும் மெதுவாக, பாக்கெட்டின் நடுவுக்கு, ஒரே மாதிரி அடிக்கத் தொடங்குகிறார்கள். குஷனை ஒட்டி உருண்டு வரும் பந்தைத் தொடவே தயங்குகிறார்கள். துணிச்சலான அடிக்கு இருந்த கூலி போய்விடுகிறது. ஆட்டம் கடினமாகியிருக்கிறது, உண்மை. ஆனால் வளமாகவில்லை.

கடினப்படுத்துவதற்கு வேறு வழிகள் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியில், வழக்கமான 9 அடி மேசைக்குப் பதில் 10 அடி மேசையில் டென் பால் ஆடவைத்தார்கள். மேசை நீண்டால் அடியின் தூரம் நீளும். கற்பனைக்கும் இடம் கூடும். பத்துப் பந்துகள் என்றால் சிக்கலும் அதிகம். பிரேக் அடிக்கும் இடத்தைக் குறுக்குவது, பந்தடுக்கை வைக்கும் விதத்தை மாற்றுவது என்று வேறு முயற்சிகளும் நடந்திருக்கின்றன. இவையெல்லாம் அதிர்ஷ்டத்தைக் குறைக்கும். ஆடுபவரின் கையைக் கட்டிப்போடாது.

குறுகிய பாக்கெட்டிலேயே பெரிய ஆட்டங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன. ரஷ்ய பிரமிட் ஆட்டத்தில் பந்து 68 மில்லிமீட்டர், மூலைப் பாக்கெட் 72 அல்லது 73 மில்லிமீட்டர்தான். ஸ்நூக்கரிலும் 12 அடி மேசையில் வளைந்த கன்னங்களுடன் நெருக்கமான பாக்கெட். ஸ்நூக்கருக்கு நம் மண்ணோடு உறவும் உண்டு: 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் உருவாக்கிய அந்த ஆட்டத்தின் விதிகள் 1882-இல் உதகமண்டலம் கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. ஆனால் இந்த ஆட்டங்களின் விதி, பந்து, மதிப்பெண் எல்லாமே அந்தப் பாக்கெட்டைச் சுற்றி வளர்ந்தவை. பிரமிட்டில் எட்டுப் பந்து விழவைத்தாலே ஓர் ஆட்டம் முடிந்துவிடும். பூல் வேறு விதமாக வளர்ந்தது. 1954-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வில்லி மாஸ்கோனி தவறே செய்யாமல் தொடர்ந்து 526 பந்துகளை விழவைத்தபோது, அது 8 அடி மேசை, பாக்கெட்களும் அந்நாளைய வழக்கப்படி தாராளமானவை. அந்த ஓட்டம்தான் பூலின் உயிர்.

இனி நம்மைப் போன்றவர்களிடம் வருகிறேன். இந்த உரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்காகத்தான்.

வேலை முடிந்து நண்பர்களோடு ஒரு மணி நேரம் ஆடவரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பெரும்பாலும் ஆடுவது எய்ட் பால் என்ற வகை. தொடர்ந்து இரண்டு பந்து விழுந்தால் மகிழ்ச்சி, மூன்று விழுந்தால் கொண்டாட்டம். அவருக்கு 4 அங்குலப் பாக்கெட் கொடுத்தால் அந்த இரண்டு ஒன்றாகும், ஒன்று பூஜ்யமாகும். விழாத பந்துகள் பாக்கெட் வாசலில் சேர்ந்து வழியை அடைக்கும். ஓர் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். மணிக்கணக்கில் கட்டணம் என்றால் பணமும் போகும்.

இதைவிடப் பெரிய நட்டம் கற்றலில் இருக்கிறது. பந்து விழுவதே போராட்டமாக இருப்பவர் வெள்ளைப் பந்தைப் பற்றி எப்போது யோசிப்பார்? ஒரு பந்து விழுந்த பிறகுதானே அடுத்தது என்ன என்ற கேள்வியே பிறக்கிறது. தாராளமான பாக்கெட்டில் ஆடிப் பழகும் சிறுவன் ஆறு மாதத்தில் இரண்டு பந்து முன்னால் யோசிக்கப் பழகிவிடுவான். இறுகிய பாக்கெட்டில் தொடங்குபவன் பந்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறான், அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. பயத்தில் கியூ கோல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பிறகு அந்தப் பழக்கத்தைத் திருத்துவது பெரும்பாடு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போட்டி மேசையில் துணி புதிது, பந்து சுத்தம், அரங்கில் குளிர்சாதனம். புதுத்துணியில் கன்னத்தில் பட்ட பந்தும் வழுக்கி உள்ளே போகும். நம் கூடங்களில் துணி தேய்ந்திருக்கும். பந்தில் கியூ நுனியில் தேய்க்கும் சாக்குப்பொடியும் கை அழுக்கும் படிந்திருக்கும். கடலோர ஊர் என்றால் ஈரக்காற்றில் துணி கனத்துப் பந்து மந்தமாக ஓடும். அதே 4 அங்குலப் பாக்கெட் இங்கே இன்னும் சிறிய பாக்கெட். உலக சாம்பியன் ஆடுவதைவிடக் கடினமான மேசையைப் புதிதாக ஆடவருபவருக்குத் தருகிறோம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 1979-இல் தொடங்கிய பூல் ஆட்டக்காரர் சங்கம் ஒன்று இன்று அந்நாட்டின் மிகப்பெரிய அமெச்சூர் லீக்காக வளர்ந்திருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் 7 அடி மேசையில் ஆடுகிறார்கள். வலுவானவர் அதிக ஆட்டங்களை வெல்லவேண்டும், புதியவருக்குக் குறைவாகப் போதும் என்று திறனுக்கேற்ப இலக்கு வைக்கிறார்கள். மேசையைக் கடினமாக்காமலே சமன்செய்ய வழி கண்டுபிடித்தார்கள். கூட்டம் சேர்ந்ததற்கு அது முக்கியக் காரணம் என்று நம்புகிறேன்.

இறுகிய பாக்கெட் பயிற்சிக்கு உதவாதா? உதவும், யாருக்கென்றால், 4½ அங்குல மேசையில் நான்கைந்து பந்துகளை நிதானமாக முடிக்கக் கூடியவருக்கு. பயிற்சியின் ஒரு பகுதியாக அரைமணி நேரம் அதில் ஆடினால், எங்கே சோம்பல் பட்டோம் என்று அது காட்டிக்கொடுக்கும். அதன்பிறகு வழக்கமான மேசைக்குத் திரும்பி, வெள்ளைப் பந்தை ஓட்டும் வேலையைத் தொடரவேண்டும்.

ஆகவே கூடம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஐந்து மேசைகள் இருந்தால் ஒன்றை மட்டும் இறுக்குங்கள். அதன்மேல் அளவை எழுதி ஒட்டுங்கள். விரும்புகிறவர்கள் தேடி வந்து ஆடட்டும். மற்ற நான்கையும் 4⅝ அங்குலத்திலோ அதற்கு மேலோ விட்டுவிடுங்கள். பாக்கெட்டை இறுக்கச் செலவிடும் பணத்தில் துணியை மாற்றுங்கள், பந்துகளைத் தினமும் துடையுங்கள். ஆடப்போகும் நேயர்களுக்கும் ஒரு சொல்: மேசைக்கு முன்னால் நின்றதும் இரண்டு பந்துகளை எடுத்து மூலைப் பாக்கெட்டின் வாயில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டும் அடங்கி இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் அது உங்களுக்கான மேசை. இரண்டு பந்துக்கே இடம் போதவில்லை என்றால், புதிதாக ஆடுபவர்கள் தயங்காமல் வேறு மேசை கேளுங்கள்.