தூரிகையின் நுனி

திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்கள் தங்கரேக்கின் விலையை விசாரிப்பார்கள்; தூரிகையின் விலையை எவரும் விசாரித்து நான் கண்டதில்லை. ஆயினும் ஆரணிக்கு அணித்தான திருமலையில், குந்தவை சினாலயத்தை ஒட்டிய குகை அறைகளில் சமவசரண ஓவியத்தைக் கண்டவர்கள் ஒரு மெல்லிய கோட்டின் அருமையை அறிவார்கள்.

12ஆம் நூற்றாண்டு நூலாகிய மானசோல்லாசம், கன்றின் காது மயிரை அரக்கினால் பொருத்தித் தூரிகை செய்யும் முறையைக் கூறுகின்றது. பிற்காலத்துச் சிற்றோவியர் அணிலின் வால் மயிரைக் கைக்கொண்டனர். மயிரின் இயற்கை நுனியை வெட்டாமல் வைத்துக் கட்டுவதே இத்தொழிலின் உயிர்நிலை. கத்தரித்துச் சமன் செய்த தூரிகை எவ்வளவு அழகாயிருப்பினும் கண்ணிமையை எழுத உதவாது.

வாங்குமுன் நீரில் தோய்த்து ஒருமுறை உதறிப் பாருங்கள். மயிரெல்லாம் ஒரே முனையாகக் கூடவேண்டும். நகத்தின்மேல் வளைத்து எடுத்தால் உடனே நிமிரவேண்டும். அணில் மயிர் நீரை நிறையக் கொள்ளும், நிமிர்வது குறைவு. கொலின்ஸ்கி என்னும் சைபீரியப் பிராணியின் வால் மயிருக்கு இரு குணங்களும் உண்டு. விலையோ மிக அதிகம். கீரிமயிர்த் தூரிகையை மட்டும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. கொல்லாமையைப் போற்றிய இம்மலையடியில் இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ? கன்றின் காது மயிரையோ, கன்றுக்கு நோவின்றியே கத்தரித்து எடுக்கலாம். பழையோர் தேர்வு எனக்கு அதனாலும் உவப்பானது.

இன்னொரு வேண்டுகோள். நல்ல தூரிகை வாய்த்ததென்று பழஞ்சுவரோவியங்களின்மீது எவரையும் புதுக்கோடு இழுக்க விடாதீர்கள். புதிய படங்களுக்கே அத்தூரிகை.